கேள்வியை எழுதுங்கள், அப்புறம் சண்டை போடுங்கள்

போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். டென்னிஸ் பால் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். மேட்டரைக் கொடுத்தான், அட்வான்ஸும் கொடுத்தான், ஆனால் கிளம்பாமல் நின்றான்.

“அண்ணே, எங்க டீமுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். அறுபது பேர் இருந்தோம். ஐபிஎல் முடியறதுக்குள்ள இருபத்தெட்டுப் பேர் ஆயிட்டோம். அதுல ரெண்டு பேரு நேர்ல பார்த்தாக்கூட பேசிக்கறதில்ல. நீங்க எப்படிண்ணே இத்தனை வருசமா நடத்துறீங்க?”

அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை காய்ந்துகொண்டிருந்தது. எனக்கும் வேறு வேலை இல்லை. அரை மணி நேரம் வாயால் சொன்னேன். அவன் பாதியை மறந்திருப்பான், எனவே எழுதியே வைக்கிறேன்.

எனக்குக் காரைக்குடியில் சின்ன அச்சகம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சுவிரட்டு நோட்டீஸ், மாட்டு வண்டிப் பந்தய ஃப்ளெக்ஸ் இதெல்லாம்தான் பிழைப்பு. பெரிய மாடா, சின்ன மாடா, பூஞ்சிட்டா என்று கேட்டுக் கேட்டு அடிக்கிற கடையில் விளையாட்டுப் பேச்சுக்குப் பஞ்சம் வருமா? 2015 உலகக் கோப்பை சமயத்தில் குரூப்பைத் தொடங்கினேன். இப்போது 143 பேர் இருக்கிறோம். லேத் பட்டறைத் தம்பி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சிங்கப்பூரில் இருக்கிற என் தங்கை மாப்பிள்ளை, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிற ஒரு தங்கச்சி என்று கலவையான கூட்டம்.

இத்தனை வருடத்தில் நான் கண்ட ஒரே விஷயம் இதுதான். பேச்சைக் கோபக்காரர்கள் கெடுப்பது குறைவு. இரண்டு பேர் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இருவர் சொல்வதும் அவரவர் கேள்விக்குச் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் ஒருத்தரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பில் புக்கின் பின்பக்கம்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது 2019 ஜூலை 10. மான்செஸ்டரில் நியூசிலாந்துடன் உலகக் கோப்பை அரையிறுதி. மழையால் முதல் நாள் நின்று மறுநாள் தொடர்ந்த ஆட்டம். நமக்கு 240 வேண்டும். 5 ரன்னுக்கு 3 விக்கெட் போய்விட்டது. ரோகித், ராகுல், கோலி மூன்று பேரும் ஆளுக்கு 1 ரன். 92-க்கு 6 ஆனதும் கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் ஜடேஜாவும் தோனியும் 116 ரன் சேர்த்தார்கள். ஜடேஜா 59 பந்தில் 77 அடித்து அவுட் ஆனார். 49-வது ஓவரின் முதல் பந்தைத் தோனி சிக்ஸருக்குத் தூக்கினார். அதே ஓவரில் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் விழுந்தது. தோனி 72 பந்தில் 50. நாம் 221-க்கு ஆல் அவுட், 18 ரன்னில் தோல்வி.

அன்று ராத்திரி, அப்போது குரூப்பில் இருந்த பலகாரக் கடை அண்ணனுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் மூண்டது.

வாத்தியார்: “72 பந்தில் 50. இதற்குப் பெயர் ஃபினிஷிங்கா?”

அண்ணன்: “ஏழாவதா எறக்குனா அந்த மனுசன் வேற என்ன பண்ணுவாரு?”

வாத்தியார்: “ஏழாவதாக வந்து நின்றால் போதுமா?”

அண்ணன்: “ரெண்டு இஞ்சு. ரெண்டே இஞ்சுல போச்சு. அதுக்குப் பேரு விதி.”

மணி ஒன்று வரை இப்படியே போனது. அண்ணன் எப்போதும் அவரை “வாத்தியாரையா” என்றுதான் எழுதுவார், தன் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்பதால். பன்னிரண்டரைக்கு அது “சார்” ஆனது. பத்து நிமிடத்தில் “நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கே?” என்று வந்தது. வாத்தியார் பதில் எழுதவில்லை. அண்ணன் தானாகவே குரூப்பை விட்டு வெளியேறினார். கொஞ்ச நேரம் கழித்து யாரோ சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டார்கள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பில் புக்கைத் திருப்பிப் போட்டு அவர்கள் எழுதியதை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அதில் மூன்று கேள்விகள் இருந்தன.

ஒன்று, தோனியை ஏழாவதாக இறக்கியது சரியா? இது அணி நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியது, தோனி இல்லை. இரண்டு, இறங்கிய பிறகு அந்த வேகத்தில் ஆடியது சரியா? இது தோனியுடையது. எதிரே ஜடேஜா அடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பேச வேண்டும். மூன்று, அந்த இரண்டாவது ரன்னுக்கு ஓடியது சரியா? இது ஒரே ஒரு பந்தைப் பற்றிய கேள்வி. கையில் எத்தனை பந்து இருக்கிறது, மறுமுனையில் யார் நிற்கிறார் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வாத்தியார் முழுக்க இரண்டாவது கேள்வியில் நின்றார். அண்ணன் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் தாவிக்கொண்டே இருந்தார். இருவரும் நேருக்கு நேர் மோதவே இல்லை. ஒருவர் மேலூர் பஸ்ஸிலும் ஒருவர் தேவகோட்டை பஸ்ஸிலும் உட்கார்ந்து ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டது மாதிரி.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. பேச்சு சூடானால் நான் அல்லது இன்னொரு அட்மின் ஒரு வரி போடுவோம்: “கேள்வி:” என்று தொடங்கி, ஒரே வாக்கியம். அதற்கு மட்டும் பதில். வேறொன்று பேச வேண்டுமென்றால் அவர் புதுக் கேள்வி போடட்டும், யாரும் தடுக்க மாட்டோம். கேள்வி எழுதுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. “தோனி நல்ல ஃபினிஷரா?” என்று போட்டால் விடிய விடிய பேசலாம், யாரும் தோற்க மாட்டார்கள். ஒரு பந்து, ஒரு ஓவர், ஒரு முடிவு என்று ஏதாவது ஒன்று கேள்விக்குள் இருக்க வேண்டும். “18-வது ஓவரை ஸ்பின்னருக்குக் கொடுத்தது சரியா?” என்றால் அதில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. ஆளின் பெயர் மட்டும் இருக்கிற கேள்வியைத் தொடாதீர்கள்.

எதிராளி சொன்னதை முதலில் சொல்லுங்கள்

இது நான் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிற ஊர் இது. பங்குனியில் கம்பன் விழா வந்தால் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். எனக்குக் கம்பனும் புரியாது, ஒன்றும் புரியாது. பட்டிமண்டபம் மட்டும் பிடிக்கும், சண்டை மாதிரி இருப்பதால். அங்கே ஒன்றைக் கவனித்தேன். எதிரணிக்காரர் எழுந்ததும் எடுத்த எடுப்பில் மறுக்க மாட்டார். “எனக்கு முன்னால் பேசிய நண்பர் இப்படிச் சொன்னார்” என்று அவர் வாதத்தை அவரைவிட அழகாகச் சொல்லுவார். கூட்டம் கைதட்டும். அப்புறம்தான் அதை உடைப்பார்.

குரூப்பில் இதை அப்படியே கொண்டுவந்தோம். “நீங்க சொல்றது என்னன்னா…” என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். ஆனால் பாதிச் சண்டை அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடுகிறது. “இல்லண்ணே, நான் அதைச் சொல்லல” என்று பதில் வரும். அவ்வளவுதான்.

வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று தமிழ்நாட்டில் எத்தனை நூறு மேடையில் பேசியிருப்பார்கள்! 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின் பந்து போட வந்து, போடாமலே, தன் பக்கத்துக் கோட்டைத் தாண்டி நின்ற பட்லரை ரன் அவுட் செய்தபோது எங்கள் குரூப்பில் நடந்தது அதே பட்டிமண்டபம்தான். 1947-ல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை அப்படி அவுட் செய்த நாளிலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. இங்கேயும் கேள்வியைப் பிரித்தால் போதும். விதிப்படி அவுட்டா? அவுட்தான், சந்தேகமே இல்லை. 2022 அக்டோபரிலிருந்து அதை “முறையற்ற ஆட்டம்” என்ற பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் பகுதியிலேயே வைத்துவிட்டார்கள். இந்தக் கேள்வி மூடியாயிற்று. அது அழகா என்பது வேறு கேள்வி. அதற்குத் தீர்ப்பு கிடையாது, வாலிக்கும் கிடையாது, பேசலாம். எனக்குக் கேட்டால் அஸ்வின் பக்கம்தான். ஓடுகிறவன் கோட்டுக்குள் நிற்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

கல்லாப்பெட்டி எலுமிச்சை

விதி தெரியாமல் வருகிற சண்டை ஒரு தனி ரகம். எங்களில் பாதிப் பேர் வற்றிப்போன ஊருணியில் ஆடி வளர்ந்தவர்கள். கரையைத் தாண்டினால் சிக்ஸ், முள்ளுக்குள் போனால் ரெண்டு ரன். அம்பயர் பேட்டிங் டீம் ஆள். அதனால் எல்பிடபிள்யூவே, அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் கொடுக்கிற அவுட்டே, கிடையாது. அப்படி வளர்ந்தவர்கள் டிவியில் “அம்பயர்ஸ் கால்” என்று பார்த்தால் சூதாட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

லேத் பட்டறைத் தம்பி ஒருநாள் கொதித்துப்போய் வந்தான். “அதே பால், அதே எடம். ஒருத்தனுக்கு அவுட்டு, ஒருத்தனுக்கு நாட் அவுட்டு. காசு வாங்கிட்டாய்ங்கண்ணே.”

கல்லாப்பெட்டி மேல் கண்ணாடி டம்ளரில் திருஷ்டிக்கு மிதக்கிற எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். மூன்று பென்சிலை ஊதுபத்தி ஸ்டாண்டில் நிறுத்தினேன். பழத்தை ஓரப் பென்சிலின் வெளிப்பக்கம் வைத்து, கால்வாசி மட்டும் உரசுகிற மாதிரி காட்டினேன். “இது ஸ்டம்புல படுமா?” “படும்ணே, நல்லா தெரியுதே.” “உனக்குத் தெரியுது, ஏன்னா பழம் இங்கேயே இருக்கு. அங்க பந்து காலைத் தாண்டி வரவே இல்ல. அதுக்கப்பறம் எங்க போயிருக்கும்கறது மெஷின் போடற கணக்கு. கணக்குல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்ல?”

அதுதான் விஷயம். பந்தின் பாதியாவது ஸ்டம்பில் படுகிறது என்று கணக்கு சொன்னால் அவுட். பாதிக்கும் குறைவாக உரசினால் மெஷின் ஒதுங்கிக்கொள்ளும், களத்தில் நின்றவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். அவர் கையைத் தூக்கியிருந்தால் அவுட், இல்லையென்றால் நாட் அவுட். மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்ட அணிக்கு அந்த ரிவ்யூ வாய்ப்பும் கழியாது. தம்பி எலுமிச்சையை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தான். லேத் ஓட்டுகிறவனுக்கு அளவில் முன்னப்பின்ன வருவது தெரியாதா? “அப்ப டாலரன்ஸ்னு சொல்லுங்கண்ணே” என்றான். நான் பத்து வரியில் எழுதியதை ஒரே சொல்லில் முடித்துவிட்டான்.

  

எனவே விதிச் சண்டை வந்தால் எழுதாதீர்கள், காட்டுங்கள். நேரில் முடியாவிட்டால் எலுமிச்சையைப் படம் பிடித்து அனுப்புங்கள். எங்கள் குரூப்பில் அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது.

எண்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐபிஎல்லில் 2023-லிருந்து இம்பாக்ட் பிளேயர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றி இறக்குகிற ஆள், வந்து ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாகக் கிடைக்கிறார். 2024-ல் ஹைதராபாத் ஒரே இன்னிங்ஸில் 287 அடித்தது. 2010-ல் 160 அடித்ததை இதோடு வைத்து “அப்ப ஆடத் தெரியல” என்று சொல்பவருக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2025 வரை சென்னைக்கு 5 கோப்பை, மும்பைக்கு 5 கோப்பை. சென்னை 2016-லும் 2017-லும் ஆடவே இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் கேள்வியை மாற்றிவிட்டார் என்று அர்த்தம். மாற்றட்டும், தப்பில்லை, மாற்றினேன் என்று சொல்லிவிட்டு மாற்றட்டும்.

அண்ணன் சார் ஆனால்

சண்டை வரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பள்ளத்தூர்த் தம்பி கேட்டான். முடியும். மரியாதைச் சொல்லைக் கவனித்தால் போதும்.

நம் ஆட்கள் கோபம் வந்ததும் திட்ட மாட்டார்கள். முதலில் உறவுமுறையைக் கழற்றுவார்கள். “மாப்ளே” என்றவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். “அண்ணே” என்றவர் “சார்” என்பார், “பாஸ்” என்பார். திடீரென்று யாராவது “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று செந்தமிழில் எழுதினால் அது உச்சக்கட்டம். அதற்கு அடுத்தது “நீ”. இன்னொரு அறிகுறி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ். அதை யாரும் திறந்து கேட்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. “எழுதி அனுப்புங்கண்ணே, பக்கத்துல புள்ள தூங்குது” என்று நான் பதில் போடுவேன். எழுத ஆரம்பித்தால் பாதிக் கோபம் விரலிலேயே இறங்கிவிடும்.

உறவுமுறை மாறிய உடனே நான் குரூப்பில் ஒன்றும் சொல்ல மாட்டேன். எல்லார் முன்னாலும் ஒருவரை நிறுத்தச் சொன்னால் அவர் நிறுத்த மாட்டார், மானப் பிரச்சினை. தனியாகக் கூப்பிடுவேன். போனில். ஆட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். “சாப்ட்டீங்களா, பிள்ளைக்குப் பரிட்சை முடிஞ்சிருச்சா?” அவ்வளவுதான். பத்தில் எட்டுத் தடவை போனை வைத்ததும் குரூப்பில் “சரி விடுங்கப்பு, நாளைக்குப் பாப்போம்” என்று வரும்.

நாம் தோற்ற ராத்திரிகளில் இதுவும் பலிக்காது. அன்றைக்கு “அட்மின் மட்டும் எழுதலாம்” என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். காலை ஏழு மணிக்குத் திறப்பேன். ஐபிஎல் முடிகிற பதினொன்றரைக்குச் சிங்கப்பூரில் ராத்திரி இரண்டு. தூக்கம் கெட்ட மாப்பிள்ளை அந்நேரத்தில் எழுதுவதை மறுநாள் அவராலேயே படிக்க முடிவதில்லை. முதலில் எல்லோரும் என்னைச் சர்வாதிகாரி என்றார்கள். இப்போது தோற்றால் அவர்களே “அண்ணே, பூட்டிருங்க” என்கிறார்கள்.

எச்சரிக்கை கிடையாது

ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதலாம். பந்து வீசத் தெரியவில்லை, கேட்ச் பிடிக்கத் தெரியவில்லை, கேப்டனுக்கு மூளை இல்லை, எல்லாம் சரி. கிண்டலும் வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு குரூப்? பெங்களூருக்காரர்கள் 2025-ல் முதல் கோப்பை வாங்கும்வரை பதினேழு சீசன் வாங்கிய கேலியைத் தாங்கிக்கொண்டு எங்களோடு இருந்தார்கள் இரண்டு பேர், அவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

பிறப்பு, மதம், சாதி, வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் பற்றி ஒரு சொல் வந்தால் மட்டும் உடனே நீக்கம். எச்சரிக்கை, இரண்டாவது வாய்ப்பு எதுவும் கிடையாது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றபோது ஷமியை அவர் மதத்தை வைத்து ஏசினார்கள். அடுத்த வருடம் ஆசியக் கோப்பையில் ஒரு கேட்சை விட்ட அர்ஷ்தீப் சிங்குக்கும் அதே கதி. எங்கள் குரூப்பிலும் அந்த ராத்திரிகளில் அப்படி இரண்டு மெசேஜ் வந்தன. இரண்டு பேரையும் எடுத்தேன். ஒருவர் என் சொந்தக்காரர். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தார், காபி கொடுத்தோம், குரூப்பில் திரும்பச் சேர்க்கவில்லை.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு நான் 1999 சேப்பாக்கத்தைச் சொல்வேன். ஜனவரி 31. எனக்கு 21 வயது, பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். பாகிஸ்தானுக்கு எதிராக 271 வேண்டும். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் தேவை, மூன்று விக்கெட் கையில் இருந்தது. அப்படியும் 12 ரன்னில் தோற்றோம். நான் அழுதேன் என்றே சொல்லலாம். ஆனால் மைதானத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டினார்கள். வாசிம் அக்ரமும் அவர் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். டிவியில் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. அது நம்ம சனம்தானே?

மாடு என்று வந்துவிட்டால்

கிரிக்கெட் எவ்வளவோ தேவலை. அங்கே தோற்றது எங்கோ இருக்கிற ஆள். மஞ்சுவிரட்டில் தோற்றது பக்கத்துத் தெரு மாடு. மாட்டுக்காரர் குரூப்பில் இருப்பார், பிடித்த பையனும் இருப்பான், இருவருக்கும் நோட்டீஸ் அடித்தது நான்.

ஒரு தை மாதம் பதினொரு நொடி வீடியோ ஒன்று வந்தது. ஒரு பையன் திமிலோடு போகிறான், வெட்டு. “புடிமாடு” என்று ஒரு ஊர். “பின்னால ஒருத்தன் வாலைப் புடிச்சான், அதெல்லாம் புடியா?” என்று இன்னொரு ஊர். ஊர்ப் பெயர்களைச் சொல்ல மாட்டேன், இப்போதுதான் சமாதானமாக இருக்கிறார்கள். மாலைக்குள் பேச்சு மாட்டை விட்டுவிட்டு தாத்தா காலத்துக் கண்மாய்த் தகராறுக்குப் போய்விட்டது. நான் குரூப்பைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு வரி போட்டேன்: “முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.” எதிர்ப்பக்கம் டிராக்டர் மேல் நின்ற ஒரு பையனிடம் நாற்பது நொடி இருந்தது. அதில் இரண்டும் தெரிந்தது. திமிலைப் பிடித்தவன் கடைசி வரை விடவில்லை. வாலில் வேறொருவன் கையும் இருந்தது. அதை அப்படியே போட்டேன். தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாட்டுக்காரரே “பையன் கெட்டிக்காரன்தான்” என்று எழுதினார். வெட்டின வீடியோவுக்குப் பதில் எழுதாதீர்கள், முழுசையும் கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கே சங்கடமான கதை. ஒவ்வொரு தையிலும் குத்துப்பட்டு வருகிறவர்களுக்கு ராத்திரி முழுக்கக் கட்டுப் போடுவது அந்த நர்ஸ் தங்கச்சிதான். ஒரு வருடம் அவள் எழுதினாள்: “இதை நிறுத்தினா என்ன குறைஞ்சு போகும்?” பாய்ந்துவிட்டார்கள். 2014 தடை, 2017 மெரினா, 2023 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டினார்கள். நானும் அதில் இரண்டு வரி எழுதினேன். அவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் நானே போன் செய்து கேட்டேன், உன் கேள்வி என்னம்மா என்று. “அண்ணே, எங்கிட்ட வர்றதுல மாடு புடிக்கிறவனைவிட வேடிக்கை பாக்க நின்னவனே நெறைய. அதைத்தான் கேக்க வந்தேன், கோவத்துல வேற மாதிரி எழுதிட்டேன்.” சிராவயல் போன்ற இடங்களில் தொழுவில் அவிழ்ப்பது போக, பொட்டலில் அங்கங்கே கட்டி வைத்த மாட்டையும் (கட்டுமாடு) அவிழ்த்து விடுவார்கள். எந்த மாடு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவளைக் கேட்டுக்கொண்டு கேள்வியை மாற்றிப் போட்டேன்: “கேள்வி: பொட்டலில் வேடிக்கை பார்க்கிறவர்கள் எங்கே நின்றால் குத்துப்படாமல் இருக்கலாம்?”

அன்றைக்கு வந்த மாதிரிப் பதில்கள் அதுவரை வந்ததே இல்லை. முந்தின நாள் கத்தினவர்கள்தான் அதிகம் எழுதினார்கள். எந்த மேட்டில் டிராக்டரை நிறுத்த வேண்டும், மாடு திரும்புகிற இடம் எது, சின்னப் பிள்ளைகளை எந்தப் பக்கம் விடக்கூடாது என்று மாட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு அடியும் தெரிந்திருந்தது. ஒருவர் கையாலேயே வரைபடம் போட்டு அனுப்பினார். அதைச் சுத்தமாக வரைந்து நோட்டீஸின் பின்பக்கம் அடித்தேன், காசு வாங்கவில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீரர் இன்னொரு வீரரை மட்டமாகப் பேசியதாக ஒரு படம் வந்தது. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது, பல கை மாறி வந்தது என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. அதைப் பார்த்தும் குரூப்பில் போட்டேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த மாதிரி இருந்தது. வாத்தியார் ஒரே கேள்விதான் கேட்டார்: “எந்தப் பேட்டி, எந்தத் தேதி?” தேடினேன், அப்படி ஒன்று இல்லை. சத்தமில்லாமல் அழித்துவிடலாமா என்று கை துடித்தது. அழிக்காமல் அதன் கீழேயே “இது பொய், பார்க்காமல் போட்டது நான்” என்று எழுதினேன். அட்மின் ஒரு தடவை அப்படி எழுதிவிட்டால் மற்றவர்களுக்கும் எழுதக் கூச்சம் போய்விடுகிறது. இதைத் தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

பலகாரக் கடை அண்ணன் இன்னும் குரூப்புக்குத் திரும்பவில்லை. கூப்பிட்டும் பார்த்தாயிற்று. ஆனால் பாக்கெட் லேபிள் அடிக்க மாதம் ஒரு தடவை கடைக்கு வருவார். பில் புக்கில் நான் எழுதிய மூன்று கேள்விகளையும் அவருக்கு எப்போதோ காட்டியிருக்கிறேன். நேற்று சீப்புச் சீடை லேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“அந்த மூணாவது கேள்விக்கு வாத்தியாரையா என்ன சொன்னாராம்?”

“ரெண்டாவது ரன்னு ஓடினது சரிதான்னு சொன்னாருண்ணே. அடுத்த பந்தையும் தோனியே ஆட, ஸ்ட்ரைக்கைக் கையில வச்சுக்கத்தான் வேணும்னாரு.”

லேபிளை எண்ணி முடித்துக் கட்டுப் போட்டார். “மொதலாவதுக்கு?”

“ஏழாவதா எறக்குனது தப்புங்கறாரு.”

“அப்ப ரெண்டாவதுலதான் சண்டையே” என்றார், கட்டை எடுத்துக்கொண்டே.